கிளவுஸ் கொடுத்தார்களா

1

எழுதத் துணிந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவது வரை படித்தவன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் இரும்புத் தகட்டின் மேல் சாக்பீஸால் போட்ட அளவுகள்தான். நாலு பேர் கூடியிருந்தால் பின்னால் போய் நிற்கிற ஆள். அப்படிப்பட்டவன் கம்யூனிசத்தின் குறைகளைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் என் மனைவி சுமதிக்கே சிரிப்பு வருகிறது. "உங்களுக்கு இன்னா தெரியும் அதப் பத்தி?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆதரித்தும் எதிர்த்தும் பெரியவர்கள் எழுதிய தடித்தடியான புத்தகங்கள் எதையும் நான் படித்ததில்லை. ஆனால் அந்த விஷயம் என் பாஸ்போர்ட்டிலேயே இருக்கிறது. என் பெயர் சோவியத்.

சொந்த ஊர் கும்மிடிப்பூண்டி. இப்போது இருப்பது லிதுவேனியா நாட்டில் கிளைபெடா என்கிற துறைமுக ஊர். கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வெல்டர் வேலை. முதலில் தனியாக வந்தேன். பிறகு சுமதியையும் மகள் கயலையும் அழைத்துக்கொண்டேன். இந்த நாடு எங்கே இருக்கிறது என்று நம் ஊரில் பலருக்குத் தெரியாது. ஏஜென்ட் சொல்லும்வரை எனக்கும் தெரியாது. இது ஒரு காலத்தில் சோவியத் யூனியனுக்குள் இருந்தது என்பதும், அதிலிருந்து வெளியே வந்ததைத்தான் இங்குள்ளவர்கள் தங்கள் வாழ்நாளின் பெரிய காரியமாக நினைக்கிறார்கள் என்பதும் குடியேற்ற அலுவலகத்தில் வரிசையில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இது உன் பெயரா?"

"ஆமாம்."

"யார் வைத்தது?"

"அப்பா."

அவள் தொல்லை எதுவும் கொடுக்கவில்லை. முத்திரை குத்தினாள். ஆனால் குடியிருப்பு அட்டை தயாராகி வாங்கப் போன அன்று, எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டவள் என்னை மட்டும் கையை ஆட்டிக் கூப்பிட்டாள். அந்தப் பெயரை அவள் வாயால் சொல்லவில்லை.

2

எங்கள் பக்கம் ஆந்திரா எல்லை. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். என் நைனா பெயர் ஏழுமலை. ரோலிங் மில்லில் வேலை பார்த்தவர், செங்கொடிச் சங்கத்தில் ஊறியவர். அம்மா இப்போது இல்லை. நான் பிறந்தபோது அவள் மணிகண்டன் என்று வைக்கச் சொன்னாளாம். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் சின்ன வயதிலிருந்து என் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"பேரக் கேட்டவுடனே இவன் இன்னா ஆளு, எந்தத் தெருன்னு மோந்து பாக்குறான் பாரு, அவன் மூக்க அறுக்கறதுக்குத்தான்டா உனுக்கு அந்தப் பேரு. அதுல சாமியும் கெடியாது, சாதியும் கெடியாது. எங்கனா போய்ச் சொல்லு, எவனுக்கும் ஒண்ணும் தெரியாது."

சொன்னது உண்மை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கேட்பார், நான் சொல்வேன், அடுத்து என்ன கேட்பது என்று தெரியாமல் நிற்பார். அந்த ஒரு நிமிஷம் எனக்குப் பிடிக்கும். வீட்டில் அம்மா மட்டும் கடைசிவரை மணி என்றே கூப்பிட்டாள். சங்கத்துத் தோழர்கள் வீடுகளில் எங்களைப் போல நிறைய பேர் இருந்தார்கள். மாஸ்கோ என்று ஒருவன், வோல்கா என்று ஒரு பெண். கபடி ஆடும்போது "சோவியத்து அவுட்டு!" என்று கத்துவார்கள். அப்போது அது வெறும் சத்தம்.

இந்தப் பெயர் தூக்கிக்கொண்டு வந்த வினை எனக்கு வரவில்லை, என் மகளுக்குத்தான் வந்தது. நம் ஊரில் அப்பா பெயர் என்பது ஓர் எழுத்து. கயலுக்கு எஸ். என்று முன்னால் போட்டால் முடிந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு. நம்மில் பலர் செய்வதைப் போல நானும் அதில் அப்பா பெயரை, அதாவது என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆகவே இந்த நாட்டுப் பள்ளிக்கூட வருகைப் பதிவில் என் மகள் கயல் சோவியத். நாளைக்கு அவள் பரம்பரையே அந்தப் பெயர் என்றுதான் இவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

3

இங்கே ஜூன் மாதத்தில் ஒரு துக்க நாள் உண்டு. அந்தக் காலத்தில் வீடு வீடாகப் போய்க் குடும்பம் குடும்பமாகப் பிடித்து, சரக்கு ரயிலில் ஏற்றி, சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். அதன் நினைவு நாள். அன்று ஊர்களில் மைக் வைத்து, அப்படி அனுப்பப்பட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம். வாசிப்பவர் முதலில் தன் முழுப் பெயரைச் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும் என்பது கிளைபெடா வழக்கம். இந்த வருஷம் கயலின் வகுப்பிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள். கயல் ஒன்பதாவது. இந்த மொழியை எங்களைவிடப் பல மடங்கு சுத்தமாகப் பேசுவாள். அவள் பெயரும் தேர்வானது.

அன்று சாயங்காலம் அவள் பையை மாட்டியபடியே வந்து சமையலறையில் நின்றாள். நான் சாம்பார்ப் பொடி டப்பாவைத் திறக்க முடியாமல் போராடிக்கொண்டிருந்தேன்.

"டீச்சர் என்னத் தனியா கூப்ட்டாங்கப்பா."

"இன்னாச்சி?"

"நீ மைக்ல வெறும் கயல்னு சொன்னா போதும்னாங்க. ரொம்ப நைஸாத்தான் சொன்னாங்க. யாரும் மனசு கஷ்டப்படக் கூடாதுல்ல, வயசானவங்க வருவாங்கன்னு."

"சரி, அப்டியே சொல்லேன். அதுல இன்னா?"

"எல்லாரும் ஃபுல் பேரு சொல்றாங்க. நா மட்டும் பாதிப் பேரு சொல்லணுமா?" அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். "எனக்கு இந்தப் பேரு வேணாம்பா. மாத்திக் குடுங்க. அது இன்னா செஞ்சிச்சின்னு உங்களுக்குத் தெரியுமா? உங்க நைனாக்குத் தெரியுமா?"

சுமதி அடுப்பை அணைத்தாள். "மாத்திரலாம். ஆனா மாமாவாண்ட நீங்கதான் சொல்லணும். நா வாயத் தெறந்தா, மருமவ சொல்லிக் குடுத்து ஆடுறான்னு ஆயிரும்."

பெயர் மாற்றுவதற்குத் தலைநகரில் உள்ள நம் தூதரகத்துக்குப் போக வேண்டும், உறுதிமொழிப் பத்திரம், பத்திரிகை விளம்பரம் என்று அலைச்சல் உண்டு. அதெல்லாம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கும்மிடிப்பூண்டியில் தனியாக இருக்கிற, இன்றைக்கும் மே தினத்தன்று தொழிற்பேட்டை வாசலில் கொடி ஏற்றுகிற ஒரு மனிதரிடம், நீ வைத்த பெயரை உன் பேத்தி வேண்டாம் என்கிறாள் என்று சொல்ல வேண்டும். அதுதான் பெரிதாகத் தெரிந்தது. அவர் கயலோடு பேசுகிற ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டுகிறார். இது அந்தப் பேச்சையே அறுத்துவிட்டால் என்ன செய்வது?

4

நைனாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் அவர் ஏதோ கல் மாதிரி ஆள் என்று தோன்றிவிடும். அப்படி இல்லை.

ரோலிங் மில் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சிவக்கக் காய்ந்த இரும்பு பாம்பு மாதிரி உருளைகளுக்கு நடுவிலிருந்து சீறிக்கொண்டு வரும். அதை இடுக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குத் திருப்பி விட வேண்டும். அப்போதெல்லாம் கைக்கு எதுவும் கொடுக்க மாட்டார்கள். ஆட்கள் கோணித் துணியைச் சுற்றிக்கொண்டு, தண்ணீரில் நனைத்துக்கொண்டு நிற்பார்கள். நைனாவின் இடது கையில் தோல் மெழுகு உருகி உறைந்ததைப் போல இருக்கும்.

வீட்டில் வழவழப்பான தாளில் அச்சடித்த ரஷ்யப் பத்திரிகை வரும். தமிழில்தான். படித்து முடித்த பிறகு அதன் தாளைக் கிழித்து என் நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கொடுப்பார் நைனா. என் கணக்கு நோட்டின் அட்டையில் ஒரு படம் இருந்தது. பனிக்காட்டில் ஆண்களும் பெண்களும் மரம் வெட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். எல்லோர் கையிலும் தடிமனான கிளவுஸ். அந்தப் படம் நைனாவுக்கு ரொம்பப் பிடிக்கும். மில் வாசலில் கூட்டம் போட்டால் என் நோட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பேசுவார்: "பாத்துக்க தோழர்! அங்க மரம் வெட்றவனுக்கே கவர்மெண்டு கிளவுஸ் குடுக்குது. இங்க நெருப்பப் புடிக்கிறவனுக்குக் கோணி!"

அந்தக் கிளவுஸுக்காக ஒரு ஸ்டிரைக் நடந்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வீடுகளிலிருந்து பெண்கள் கருகிய கோணித் துணிகளைக் கூடையில் கொண்டுவந்து மேனேஜரின் ஜீப் போகிற வழியில் குவித்துவிட்டார்கள். என் அம்மாவும்தான். பெரிய குவியல். எரிந்த சணல் நாற்றம். ஜீப் வந்து நின்றது. மேனேஜர் இறங்கி அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதை ஓரம் தள்ளச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சில நாட்கள் கழித்து எல்லோருக்கும் தோல் கிளவுஸ் வந்தது. நைனா அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தார். சோறு சாப்பிடத்தான் கழற்றினார்.

எனக்கு அந்த நாள்தான் கம்யூனிசம். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை.

ஆனால் இன்னொரு நாளும் உண்டு. நைனாவின் கூட்டாளி கன்னியப்பன் மாமா. ஒரே ஷிப்டு, ஒரே தெரு, ஒரே பீடிக்கட்டு. அங்கே சோவியத் யூனியன் உடைந்தது என்று செய்தி வந்த வாரம் சங்க ஆபீஸில் கமிட்டி கூடியது. வெளிநாட்டுச் சதி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பன் மாமா எழுந்து கேட்டிருக்கிறார்: "சதின்னே வெச்சிக்கலாம். அங்க இருந்த அத்தினி தொழிலாளியும் இன்னா பண்ணிக்கினு இருந்தான்? அவன் ஊட்ட ஒருத்தன் இடிச்சா உட்டுடுவானா? அப்ப அது அவன் ஊடே இல்லயா தோழர்?"

தலைவர் உட்காரச் சொன்னார். மாமா உட்காரவில்லை. "பாத்தியா, நம்ம ஆபீஸ்ல ஒரு கேள்வி கேட்டாலே உங்க மூஞ்சி இப்டி சுருங்குது. இன்னும் நாட்ட வேற உங்க கைல குடுத்தா?"

கட்டுப்பாட்டை மீறினார் என்று அவரைச் சங்கத்திலிருந்து நீக்கத் தீர்மானம் போட்டார்கள். ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். நைனா தூக்கினார். அந்த மெழுகுக் கைதான். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பட்டணம் போகும்போது ஒரே ரயிலில் ஏறுவார்கள், வேறு வேறு பெட்டி. மாமா என்னைப் பார்த்தால் மட்டும், "இன்னாடா சோவியத்து, இன்னும் உடையாமக் கீறியா?" என்று தலையில் தட்டுவார்.

மேலே சொன்ன தடித்த புத்தகங்களில் இதைவிடப் பெரிய குறைகள் எழுதியிருக்கலாம். எனக்கு இதுதான் முதலில் ஞாபகம் வருகிறது. முதலாளியின் ஜீப்பை மறிக்கத் தைரியம் உள்ள மனிதர், சொந்த ஆபீஸில் கையை இறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

5

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யோனாஸ். நான் வேலை செய்யும் தளத்திலேயே அந்தக் காலத்தில் கிரேன் ஓட்டியவர். பிறந்தது சைபீரியாவில். முதல் நாள் மாடிப்படியில் என் பெயரைக் கேட்டார். சொன்னேன். ஒரு படி இறங்கினார். பிறகு, "அந்த வார்த்தையை நான் வேண்டிய அளவு சொல்லி முடித்துவிட்டேன். உன் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவாள்?" என்று கேட்டார். மணி என்றேன். இங்கே ஆண்கள் பெயரின் முடிவில் ஒரு ஸ் சேர்ப்பார்கள். அன்றிலிருந்து நான் மணிஸ்.

இந்த ஊருக்குப் பக்கத்தில் கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே நீளமாக ஓர் ஏரி. முதல்முறை பார்த்தபோது பழவேற்காட்டில் நிற்பதைப் போல இருந்தது. அதே மாதிரி கலங்கிய தண்ணீர், அதே மாதிரி தூரத்தில் மணல் மேடு, அதே மீன் நாற்றம். யோனாஸ் அங்கே மீன் பிடித்துப் புகை போட்டுத் தருவார். சுமதி அதற்குப் புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்துக் கொடுப்பாள். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே சாப்பிடுவார்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தளத்தில் எங்களைப் போல வெளிநாட்டு ஆட்கள் ஏஜென்சி மூலம் வேலை செய்கிறோம். ஒருமுறை புதுக் கிளவுஸ் வரத் தாமதமானது. சேர்ந்து போய்க் கேட்கலாம் என்று உள்ளூர் ஆட்களிடம் சொல்லிப் பார்த்தேன். என் வாழ்நாளில் நானாக ஆரம்பித்த ஒரே பேச்சு. சங்கம், யூனியன் என்ற சொல் காதில் விழுந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லை அவ்வளவு அழுக்காக்கி வைத்திருக்கிறார்கள். கொடுமை முடிந்துபோன பிறகும், கேட்கிற பழக்கம் திரும்பி வரவில்லை. இதை நைனாவிடம் நான் சொன்னதில்லை.

6

வாசிப்பு திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயிறு. மதியம் சாப்பாட்டுக்கு யோனாஸையும் கூப்பிட்டிருந்தோம். அவர் அப்பா அம்மா பெயரைக் கயல்தான் வாசிக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். எப்படி உச்சரிப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் நைனாவின் வீடியோ அழைப்பு வந்தது.

திரை முழுக்க அவர் காது. போனைக் காதில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"தாத்தா, மூஞ்சக் காட்டுங்க."

"இன்னா கண்ணு, நாஷ்டா ஆச்சா?"

"இங்க மதியம் தாத்தா. சாப்ட்டோம்."

"சோவியத்து எங்க? அது யாரு பக்கத்துல, வெள்ளக்காரரு?"

நான் பெயர் விஷயத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் கயல் யோனாஸை அறிமுகப்படுத்திவிட்டாள். கிரேன் ஓட்டினவர் என்றதும் நைனா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம ஆளுடா!" என்றார். பிறகு அவர்கள் இருவரும் பேசினார்கள், நடுவில் கயல். என் மகள் அவ்வளவு தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

"அவரு கேக்குறாரு தாத்தா, உங்க யூனியன் இன்னா வாங்கிக் குடுத்துச்சின்னு."

"கிளவுஸு, கண்ணாடி, கேன்டீனு, பஸ்ஸு. இப்பக்கூட தேர்வாய் கண்டிகை கம்பெனிங்கள்ல வடக்கத்திப் பசங்க வெறுங்கையோட வேல செஞ்சிக்கினு கீறானுங்க. போய்ப் பேசிக்கினுதான் கீறேன். எனக்கு இந்தி வர்ல, அவனுக்குத் தமிழ் வர்ல. கையக் காட்டுவேன், புரிஞ்சிக்குவான்."

கயல் சொன்னாள். யோனாஸ் தலையை ஆட்டிக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னார்.

"அவங்களுக்கும் கேன்டீன் இருந்துச்சாம், பஸ் இருந்துச்சாம். ஸ்டிரைக்தான் கெடையாதாம்."

நைனா சிரித்தார். "மொதலாளியே இல்லாத எடத்துல ஸ்டிரைக் இன்னாத்துக்கு?"

இதைக் கயல் சொன்னபோது யோனாஸ் சிரிக்கவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தார். கயல் அவர் சொல்லச் சொல்ல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "அவங்க யூனியன் லீடரும் இதேதான் சொன்னாராம் தாத்தா. ஒரு குளிர்காலம் கிரேன் ரூம்ல ஹீட்டர் ஓடல. கை ஒறஞ்சி போச்சாம். வேலய நிறுத்துறோம்னு சொன்னாங்களாம். லீடர் டைரக்டர் பக்கத்துலயே ஒக்காந்துக்கினு, இது உங்க ஃபேக்டரி, உனக்கு எதிரா நீயே ஸ்டிரைக் பண்ணுவியா, பைத்தியமான்னு கேட்டாராம். அவரோட ஃபிரண்டு ஒருத்தர் கேக்காம எறங்கிட்டாராம். அவர நெஜமாவே பைத்தியக்கார ஆஸ்பத்திரில வெச்சிட்டாங்களாம். மொதலாளி இருந்தாரு, ஆனா கோஷம் போட அவருக்குப் பேரு இல்லங்கிறாரு."

நைனா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது வழக்கமாக அவர் பதில் தேடும்போது செய்வது. பதில் சீக்கிரமே வந்தது. "ஒரு லீடரு கெட்டவனா இருந்தா கொள்கை இன்னா பண்ணும்? எல்லா எடத்துலயும் கீறான் அந்த மாதிரி. சரி, அவுரு சைபீரியால பொறந்தாராமே, அங்க எப்டிப் போனாங்க?"

கயலுக்கு நாடுகடத்தல் என்ற சொல் தெரியாது. "ரயில்ல ஏத்தி அனுப்பிட்டாங்க தாத்தா. அவங்க அப்பாவுக்கு நெலம் இருந்துச்சாம். மாடு. கதிர் அடிக்கிற மெஷின் ஒண்ணு. பணக்காரன்னு எழுதிட்டாங்களாம். விடிகாலைல வந்து எழுப்பி, மாடு போற ரயில்ல ஏத்திட்டாங்க."

"எவ்ளோ நெலம்?"

யோனாஸ் ஜன்னல் வழியாகக் கை காட்டினார். எங்கள் கட்டிடத்துக்கும் எதிரே உள்ள பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இருக்கிற இடம். கயல் போனைத் திருப்பிக் காட்டினாள். நைனா உற்றுப் பார்த்தார்.

"அத்தினியூண்டுக்கா?"

"ஆமா தாத்தா. அங்க காட்டுல மரம் வெட்ட வெச்சாங்களாம். அவங்க அம்மாவையும்."

மரம் வெட்டுவது என்றதும் எனக்கு என் கணக்கு நோட்டு ஞாபகம் வந்தது. திரையில் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் வந்துவிட்டது என்று தெரிந்தது.  பின்னால் எங்கள் தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. பிறகு மெதுவாக, சங்கத்துக் குரலே இல்லாமல் கேட்டார்.

"கயலு, அவுரக் கேளு. கிளவுஸு குடுத்தானுங்களா?"

கயல் கேட்டாள். யோனாஸ் இல்லை என்றார். அம்மா சாக்குத் துணியைக் கிழித்துக் கையில் சுற்றிக்கொள்வாள் என்றார். தன் இடது கையைத் தூக்கி, மூன்று விரல்களின் நுனியை வலது கையால் மூடிக் காட்டினார். அவள் கை அப்படித்தான் இருந்ததாம். குளிரில் போய்விட்டது.

இதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நைனா போனைப் பிடித்திருந்த கையை மாற்றினார். அப்போது அவருடைய இடது கை திரையில் தெரிந்தது. யோனாஸ் முன்னால் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார். என்னிடம், "நெருப்பா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"தாத்தா?" என்றாள் கயல்.

"கீறேன் கண்ணு."

நான் எதிர்பார்க்காதபோது என் வாய் திறந்தது. "நைனா, கயல் பேர மாத்தணும்னு சொல்லுது. சோவியத்துன்றது வேணாமாம்." எத்தனையோ விதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கடைசியில் இப்படி மொட்டையாக விழுந்தது.

நைனா என்னைப் பார்க்கவில்லை. கயலைத்தான் பார்த்தார். "வேற இன்னா பேரு வெச்சிக்கப் போற?"

"உங்க பேரு தாத்தா. கயல் ஏழுமலை."

"அய்ய, அது திருப்பதிக்காரன் பேரு. எங்கம்மா மொட்ட போட வேண்டிக்கினு வெச்சது. அத உட்டு ஓடத்தான் உங்கப்பனுக்கு இந்தப் பேரு வெச்சேன். நீ சுத்திக்கினு அங்கியே போறியே!"

சுமதி வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். கயல் சிரிக்கவில்லை. காத்திருந்தாள். நைனா கண்ணாடியைத் துடைத்தார். திரும்ப மாட்டினார். திரும்பக் கழற்றினார்.

"சரி வெச்சிக்க. மலதான. மல யாரையும் ரயில்ல ஏத்தி அனுப்பல."

பிறகு, "அவுரு அம்மா பேரு இன்னா?" என்று கேட்டார். கயல் சொன்னாள். அவரால் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை முயன்றார். யோனாஸ் திரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத் திருத்தினார். மூன்றாவது முறை கிட்டத்தட்ட சரியாக வந்தது. "வெச்சிர்றேன்" என்று சொல்லிவிட்டு நைனா போனை வைத்தார். வழக்கமாகக் கடைசியில் செவ்வணக்கம் சொல்வார். அன்று சொல்லவில்லை.

கொள்கை தவறா, நடத்தியவர்கள் தவறா என்று இங்கேயும் ஊரிலும் பெரிய பெரிய வாதங்கள் உண்டு. எனக்கு அதில் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். எல்லாம் நம்முடையது என்று ஆகிவிட்டால், கருகிய கோணியைக் கொண்டுபோய் யார் ஜீப்பின் முன்னால் கொட்டுவது? கும்மிடிப்பூண்டியில் எங்களுக்கு ஒரு ஜீப் இருந்தது. யோனாஸின் அம்மாவுக்கு அது இல்லை. கன்னியப்பன் மாமா கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான். அன்றைக்கு அந்த அறையில் அவர் ஒருவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

என் பெயரை நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. அது ஒரு மனிதர், தன் மகனை யாரும் மோந்து பார்க்கக் கூடாது என்று வைத்த பெயர். குடியேற்ற அலுவலகத்துப் பெண் கையை ஆட்டியே கூப்பிடட்டும்.

7

மறுநாள் மழை பெய்தது. வாசிப்பை நூலகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஷிப்டு, போக முடியவில்லை. கயல் ஏழுமலை என்று சொல்லித் தொடங்கினாள் என்று சுமதி சொன்னாள். யோனாஸின் அப்பா அம்மா பெயரை வாசித்தாள். வீட்டுக்கு வந்து ரசம் சோறு சாப்பிட்டாள். சாயங்காலம் நைனாவிடமிருந்து அழைப்பு வந்தது. கன்னியப்பன் மாமா வீட்டுக்குப் போனாராம். கதவு பூட்டியிருந்ததாம். மாமா மீஞ்சூரில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று எதிர்வீட்டில் சொன்னார்களாம். ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருப்பதாகச் சொன்னார். பின்னால் அறிவிப்பு கேட்டது. வண்டி வந்துவிட்டது என்று வைத்துவிட்டார்.